அப்பளக் கவரில் ஏழு திரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் சிறுதொழில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு மேல் நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில் "சரக்கு நன்றாக இருந்தால் பெயரை யார் எடுத்தாலும் கவலை இல்லை, வாடிக்கையாளர் தேடி வருவார்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்கு வேலையே ஓடவில்லை. 25 வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் அப்பளம் போடுகிறோம். மாமியார் ஆரம்பித்த தொழில், ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். கவரில் மாமியாரின் பெயரும், அதற்கு மேல் ஐந்து திரி எரிகிற குத்துவிளக்கும் இருக்கும். (பெயரை இங்கே எழுதவில்லை, கடிதம் விளம்பரம் ஆகிவிடும்.) இந்தப் பெயரும் படமும் எங்களுடையவை என்று அரசிடம் பதிந்துகொள்ள, அதாவது டிரேட்மார்க்குக்கு, 2009-ல் விண்ணப்பித்தோம், பதிவு கைக்கு வர மூன்று வருஷம் ஆனது. பதிவு பத்து வருஷத்துக்குத்தான் செல்லும், அதுவும் விண்ணப்பம் கொடுத்த தேதியிலிருந்தே கணக்கு. அதனால் 2019-ல் 9,000 ரூபாய் கட்டிப் புதுப்பித்தோம். ஐப்பசி மழையில் அப்பளம் காயாமல் பூசணம் பிடித்து மூட்டை மூட்டையாகக் கொட்டிய வருஷம் அது. அப்போதும் இந்தப் பணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று மாமியார் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்.

போன வைகாசியில் திருமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து சமையல்காரர் போன் போட்டார். பல வருஷமாக எங்கள் அப்பளம்தான் வாங்குகிறவர். "என்னம்மா இது, எண்ணெய்ல போட்டா பொரியவே மாட்டேங்குது, அப்படியே செவந்து போகுது, பந்தியில என் மானம் போகுது" என்றார். ஆட்டோ பிடித்து ஓடினேன். அடுப்புப் பக்கத்தில் கிடந்த கவரை எடுத்துப் பார்த்தால் அதே மஞ்சள், அதே சிவப்புக் கரை, அதே இடத்தில் குத்துவிளக்கு. ஆனால் விளக்கில் ஏழு திரி. பெயருக்கு முன்னால் பொடி எழுத்தில் ஒரு 'நியூ'. பின்பக்கம் திருப்பினால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் வேறு. சமையல்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர், கவரின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர். அவர் மேல் என்ன தப்பு?

வாடிக்கையாளர் தேடி வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். தேடித்தான் வந்தார் ஐயா. எங்கள் பெயரைச் சொல்லித்தான் கடையில் கேட்டார். அவர் கையில் வேறு யாரோ செய்த சரக்கு போய்ச் சேர்ந்தது, சம்பந்தி வீட்டார் முன்னால் கெட்டது என் மாமியார் பெயர். அந்தச் சமையல்காரர் இப்போது எங்களிடம் வாங்குவதில்லை. எவ்வளவு சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 1999-ம் வருஷ டிரேட்மார்க் சட்டத்தில் போலி டிரேட்மார்க் போடுவது ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமலே சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அதற்கு முன்னால் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நமக்குப் பதிவாளர் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இதையெல்லாம் ஸ்டேஷனில் எடுத்துச் சொல்ல நான் வக்கீல் இல்லை, அப்பளம் போடுகிறவள்.

ஏழு திரிக் கவர் போட்டவரிடம் நேரிலேயே போய்க் கேட்டோம். அது என் மகள் பெயர், யார் தடுப்பது என்றார். தொழில் செய்கிறவர் தன் சொந்தப் பெயரை நேர்மையாக வைத்துக்கொள்ளத்தான் சட்டத்தில் இடம் உண்டு, மகள் பெயருக்கு இல்லை என்று வக்கீல் பிறகு விளக்கினார். சரி, பெயர் மகளுடையதாகவே இருக்கட்டும். மஞ்சளும் சிவப்புக் கரையும் குத்துவிளக்கும் யாருடையவை? இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அவரும் பதிவுக்கு விண்ணப்பித்து, அது பதிவு அலுவலகம் வாராவாரம் வெளியிடும் டிரேட்மார்க் ஜர்னலில் வந்து, ஆட்சேபம் சொல்லும் நான்கு மாதமும் முடிந்து, பதிவே ஆகிவிட்டிருந்தது. எங்களுக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை. வாராவாரம் அந்த ஜர்னலை எடுத்துப் படிக்க மாவு பிசைகிற வீட்டில் யாருக்கு நேரம்? இனி அவர் பதிவை நீக்கச் சொல்லி மனுப் போட வேண்டும், எங்கள் டிரேட்மார்க்கை மீறியதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும். எங்கள் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். தீபாவளி சமயத்தில் அந்த ஏழு திரி விளக்கு உங்கள் பத்திரிகையிலேயே கால் பக்க விளம்பரமாக வந்தது. விளம்பரப் பிரிவுக்கு மூன்று முறை போன் போட்டேன், கடிதமும் எழுதினேன். பதில் இல்லை. அந்த வாரம் கீழமாசி வீதிக் கடைக்காரர்கள் இரண்டு பேர் "புதுக் கவர் விட்டிருக்கீங்க போல" என்று என்னிடமே கேட்டார்கள்.

உங்கள் முத்திரையைப் போட்டு யாரோ வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி பரப்பியபோது, முதல் பக்கத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டீர்கள், புகாரும் கொடுத்தீர்கள். அன்றைக்கு அதைப் படித்து, சரியான காரியம் செய்தார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னவள் நான். செய்தி நன்றாக இருந்தால் போதும், பெயரை யார் எடுத்தாலும் கவலை இல்லை என்று நீங்கள் இருந்துவிடவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் அப்படி எழுதினீர்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உணவுப் பொருள் விளம்பரம் வாங்கும்போது டிரேட்மார்க் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சிறு நிறுவனங்கள் ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம் என்பதையும், ஆட்சேபத்துக்கு நான்கு மாதம்தான் அவகாசம் என்பதையும் அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். இரண்டு கவரையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கட்டுரை எழுதியவரிடம் ஒரு கை தூரத்தில் பிடித்துக் காட்டி, எது எங்களுடையது என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
அப்பளம் தயாரிக்கும் ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை.