பாலுவின் குத்தகை

அன்புள்ள சீனு,

நலம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு. ராயர் கடை பாக்கியையும் அப்படியே தீர்த்துவிடலாம்.

விஷயம் இதுதான். பாலு கொள்ளிடக்கரை நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகை விடப்போகிறான். போர் தண்ணீர் கரிக்கிறது, இனி நெல் ஆகாது என்கிறான். கரிப்பது பொய்யில்லை. மோட்டார் கொட்டகை செங்கலெல்லாம் வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டால் உதிர்கிறது. ஆனால் ரெண்டு கெட்ட வருஷத்தைப் பார்த்தா நிலத்துக்கு முடிவு கட்டுவது?

நமக்கு மழை ரெண்டு. மேட்டூரை நிரப்புவது குடகு மழை, நம் தலையில் பெய்வது ஐப்பசி மழை. பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ வந்தால் பெரும்பாலும் முன்னது சுணங்கும், பின்னது கொட்டும். 2015 கார்த்திகையை மறந்திருக்க மாட்டாய். 2016இல் ரெண்டுமே கைவிட்டன. 2018 ஆவணியில் கொள்ளிடம் புரண்டோடி முக்கொம்பில் மதகே உடைந்தது. தாது வருஷப் பஞ்சம், 1924 வெள்ளம் எல்லாம் தாத்தா காலத்துப் பேச்சு. இந்த ஆறு என்றைக்குமே ஒரு நிலையில் இருந்ததில்லை, சீனு.

1934இல் மேட்டூர் வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெள்ளம் வந்தால் சில நாள் ஆறு கடலுக்குப் போகிறது, மற்றபடி கடல்தான் ஆற்றுக்குள் ஏறுகிறது. இதில் டிவியில் ஒருத்தர், ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! அந்தத் தண்ணீர்தான் உப்பை வெளியே தள்ளுகிறது. இறால் குஞ்சும் மடவையும் வளர்வது, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற முகத்துவாரத்தில். நான் டிவியோடு சண்டை போடுவதாகக் கமலா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

வயலில் ஏறிய உப்பை ஒரு நல்ல கார்த்திகை மழை ஓரளவு கரைத்து இறக்கிவிடும். குட்டை வெட்டினால் உப்புத் தண்ணீரை நாமே கொண்டுவந்து தேக்குகிறோம். அடுத்த வயலுக்கும் கசியும். அப்புறம் மேட்டூர் நிரம்பி வழிந்தாலும் அங்கே நாற்று விட முடியாது.

பாலுவைக் குறை சொல்லியும் பயனில்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது, பெண் கல்யாணம் வேறு. குத்தகையை ஒரு வருஷம் தள்ளிப்போடு, கடனுக்கு நாம் மூன்று பேரும் சேர்ந்து வழி பார்க்கலாம் என்று நீ சொல். நான் சொன்னால் எரிந்து விழுகிறான். சின்ன வயதிலிருந்தே உனக்குத்தான் பயப்படுவான். இந்த வாரமே போன் போடு. பத்திரத்துக்கு ஆள் பார்த்துவிட்டான்.

உன்
ராமு