டொராண்டோ ஜெயித்த கதை

ஸ்கார்பரோ,
18.6.2019

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே சுகம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டைக் கடலில் இறக்கியாச்சா? முதல் நாள் இறால் என்ன விலைக்குப் போச்சு?

டொராண்டோவில் துப்பாக்கிச் சூடு என்று டிவியில் பார்த்து மதினி பயந்திருப்பாங்க. நேற்று நடந்த வெற்றி ஊர்வலத்தில்தான் அது. நாலு பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. எனக்கு நெரிசலில் ஒரு செருப்பு போனதோடு சரி.

இங்கே ராப்டர்ஸ் என்று ஒரு கூடைப்பந்து அணி. 1995-ல் ஆட ஆரம்பித்தவர்கள் இந்த வருஷம்தான் முதன்முதலாக என்.பி.ஏ. என்ற பெரிய கூடைப்பந்து லீக்கின் கோப்பையை அடித்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஒரு அணிக்கு அது கிடைத்ததும் இப்போதுதான். ஊர்வலத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஜனம்!

தங்கச்சிமடத்தில் வாலிபால் பார்த்து வளர்ந்த என்னை இதில் இழுத்துவிட்டது பிலடெல்பியா அணியோடு நடந்த தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். 90-90. ராப்டர்ஸின் கவாய் லியோனார்டு மூலையிலிருந்து தூக்கிப் போட்டார். நேரம் முடிந்துவிட்டது, பந்து இன்னும் வளையத்தின் மேலே. நாலு தடவை குதித்துக் குதித்து, அப்புறம்தான் உள்ளே விழுந்தது. போட்ட ஆள் ஓரத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கடையில் கல்லில் கிடந்த கொத்துரொட்டி கருகிப்போச்சு.

பிறகு மில்வாக்கியிடம் முதல் இரண்டையும் தோற்று, அடுத்த நாலையும் ஜெயித்தார்கள். கடைசியில் இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணியை ஆறாவது ஆட்டத்தில் 114-110. எதிரணியில் டுரான்ட், தாம்ப்சன் இருவருக்கும் அடிபட்டதும் ஒரு காரணம். இங்கே சொன்னால் அடிக்க வருவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. டிரோசன் என்பவர் ஒன்பது சீசன் இங்கேயே ஆடினார், இந்த ஊரை விட்டுப் போக மனசில்லாதவர். போன ஜூலையில் அவரைக் கொடுத்துத்தான் லியோனார்டை வாங்கினார்கள். கணக்குப்படி லாபம்தான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இப்போது லியோனார்டு இருப்பாரா, போவாரா என்று ஊரே தவிக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன், சின்ன வயதில் மண்டபம் அகதி முகாமில் இருந்தவர், “அவன் நிக்கமாட்டான் தம்பி” என்கிறார். போனால் போகட்டும், வேலை பர்மிட்டில் இங்கே இருக்கிற நான் அவரைத் திட்டமாட்டேன்.

மகனுக்கு ராப்டர்ஸ் சட்டை வாங்கிவிட்டேன். லியோனார்டு பேர் போட்டது இல்லை, லவ்ரி என்ற ஆட்டக்காரரின் ஏழாம் நம்பர். 2012-லிருந்து அவர் இங்கேதான் இருக்கிறார். அளவு கொஞ்சம் பெரிசு, அடுத்த வருஷமும் போடலாம்.

அன்புடன்,
தம்பி