இந்த வாரப் பயிற்சி: ஜேமர்சன் பாணி

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் டெட்ராய்ட் மோடவுன் ஸ்டுடியோவின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். தன் 1962 ஃபென்டர் பிரிசிஷன் பாஸ் கிட்டாரை வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். தடித்த ஃபிளாட்வவுண்ட் (தட்டையான மேற்சுற்று கொண்ட) கம்பிகள், லேசில் மாற்றமாட்டார். பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் இடம்) மூடிக்கு அடியில் இருந்த ஃபோம், சுரத்தை இழுபடவிடாமல் அடக்கிவிடும். அந்த ‘தும்’ ஒலியில் பாதி அதன் வேலைதான்.

அதனால் ஒலியை மாற்றப் புது எஃபெக்ட் பெடல் வாங்கக் கிளம்பியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். டோன் குமிழை நன்றாகக் குறையுங்கள். அப்புறம் மெட்ரோனோம் 80-இல், ஒரே விரலில், ஜி கார்டுக்கு (chord) நான்கு பார். ஒவ்வொரு பாரின் முதல் தட்டில் ரூட் (கார்டின் அடிப்படைச் சுரம்) விழ வேண்டும்; அடுத்த ரூட்டுக்கு அரை சுரம் கீழிருந்து ஏறி வாருங்கள். மற்றது உங்கள் இஷ்டம்.

உங்கள் ஒலிப்பதிவு ஒரு நிமிடத்துக்குள், ஞாயிறு இரவு 9 மணிக்குள். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) இருந்தால் நேரடியாகப் பதியுங்கள். மோடவுனிலும் பாஸ் நேரே மிக்சிங் கன்சோலுக்குத்தான் போனது. கேட்பவர்கள் ஹெட்போன் போடுங்கள். திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அது வராது. வராததைக் கேட்டுவிட்டு “பாஸ் கம்மி” என்று எழுதாதீர்கள்.

குழுவில் விற்பனைப் பதிவுகள் வழக்கம்போல் சனிக்கிழமை மட்டும்.