கேன்டீன் கமிட்டிக்கு ஒரு கடிதம்: வடைச் சட்டியும் டீ மெஷினும்

கேன்டீன் கமிட்டி அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எடுத்த உடல் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லைக்குள் இருந்தது, கொழுப்பும் பரவாயில்லை. ஆனால் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை 4.6 காட்டியது. 1-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3-ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்றார்கள். சளி, காய்ச்சலுக்கும் அது ஏறும் என்பதால் மூன்று வாரம் விட்டு மறுபடி பார்த்தேன், 4.2.

காலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அது அழற்சி. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். முள்ளே இல்லாமல் அதே வேலை உடம்புக்குள் வருடக்கணக்கில் மெதுவாக நடந்தால் அதைத்தான் நாட்பட்ட அழற்சி என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், கடைய வேண்டிய ஜாப்பைப் போடாமலேயே ஸ்பிண்டில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிற மெஷின். தொப்பைக்குள் சேரும் கொழுப்பே அழற்சியைக் கிளப்பும் பொருள்களை ரத்தத்தில் விடுகிறது, அது ரத்தக்குழாய்ச் சுவரையும் கெடுக்கிறது, இன்சுலின் வேலையையும் கெடுக்கிறது. 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கிற ஊசி போட்டார்கள். மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது. ஊசி விலையோ எக்கச்சக்கம், தொற்று ஆபத்து வேறு. நமக்குக் கட்டுப்படியாவது சாப்பாட்டை மாற்றுவதுதான்.

தூக்கம், சிகரெட், நைட் ஷிஃப்ட் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. நானே பத்து வருடம் புகைத்தவன். ஆனால் வாரத்தில் ஆறு நாள் ஒரு சாப்பாடு, இரண்டு பலகாரம், நாலு டீ உங்கள் கேன்டீனில்தான். 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கேன்டீனை நடத்துவதில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

முதலில் டீ. மெஷினில் வருகிற டீயில் சர்க்கரை கலந்தேதான் வருகிறது, வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன்கூட இல்லை. ஒரு கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலும் நாலு டீக்கு 30 கிராமைத் தாண்டிவிடும். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாம் டீயிலேயே முடித்துவிடுகிறோம். சர்க்கரையைத் தனி டப்பாவில் வையுங்கள். போட்டுக்கொள்கிறவர் போட்டுக்கொள்ளட்டும், சண்டையே வராது.

அப்புறம் வடைச் சட்டி. காலையில் பூரி பொரித்த எண்ணெயில் மாலையில் வடை, மறுநாள் அதிலேயே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி பஜ்ஜி. பாத்திரம் போட வரும்போதே அந்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது, நீங்களும் அந்த வழியாகத்தான் வருகிறீர்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால், எண்ணெய் கெடும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் கூடும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலையிலிருந்து எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அளந்து பார்க்கக் கையடக்கக் கருவியே கிடைக்கிறது. பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு, அதனால் கான்ட்ராக்டர் நஷ்டம் என்று அழ வேண்டியதில்லை.

மூன்றாவது, எனக்கு மனசு பொறுக்காதது. ஓசூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கேழ்வரகுக் காடு, சீசனில் அவரைக்காய் மூட்டை மூட்டையாக வருகிறது, கொள்ளுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து தருமபுரியில் 2023-இல் ரேஷன் கடையிலேயே கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் தட்டில் மட்டும் மலை மாதிரி வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு, மேலே ஒரு அப்பளம். வாரம் இரண்டு நாள் களியும் கீரைக் கடைசலும் போடுங்கள். களி மருந்து இல்லை, உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்தான், தெரியும். எனக்கு வேண்டியது சோற்றின் அளவு குறைந்து, பயறும் காயும் கீரையும் கூடுவது. நார்ச்சத்து குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு, அவை அதிலிருந்து அழற்சியை அடக்கும் பொருளைச் செய்கின்றன. புதன்கிழமை பொரித்த மீனுக்குப் பதிலாக மத்திக் குழம்பு வைக்கலாம். ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு மத்தியில் நிறைய இருக்கிறது, வஞ்சிரத்தைவிட விலையும் எவ்வளவோ குறைவு.

கை கழுவும் இடத்தில் ‘மஞ்சள் அழற்சியைப் போக்கும்’ என்று ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். மஞ்சளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலுள்ள குர்குமினை உடம்பு லேசில் உறிஞ்சாது, மிளகு கூட இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. சாம்பாரில் போடுகிற ஒரு சிட்டிகை, நாலு வடையைச் சரிக்கட்டாது.

ஒரு சாப்பாட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மட்டும் ரேட் பேசினால் கான்ட்ராக்டர் மலிவான பாமாயிலும் மைதாவுமாகத்தான் போடுவார், அவரைத் திட்டிப் பயனில்லை. புது ஒப்பந்தம் போடும்போது எண்ணெய், சர்க்கரை, பயறு, காய் இவற்றின் அளவையும் எழுத்தில் கேளுங்கள். நைட் ஷிஃப்டுக்கும் அதே அளவு என்று சேர்த்து எழுதுங்கள். இரவு 2 மணிக்கு மிச்சப் பூரியும் குருமாவும் தின்கிறவர்கள் நாங்கள்தான்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன். வீட்டிலிருந்து கொள்ளு சுண்டல் ஒரு தூக்குவாளி கொண்டுவருவேன், அன்றைக்கு மட்டும் மிக்சருக்கு ஆர்டர் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
சிஎன்சி பகுதி, நைட் ஷிஃப்ட் தொழிலாளி ஒருவன்