பீரங்கியின் எடை தெரிந்துவிட்டது, மற்றதையும் எழுதுங்கள்

தேசிய இராணுவ வரலாற்று அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் காப்பாட்சியர்களுக்கும்,

வணக்கம்.

டாங்கி ஒன்றைக் கண்டால் அதை முழுதாகச் சுற்றிப் பார்க்காமல் அடுத்த அரங்குக்கு நகர முடியாத பார்வையாளர்களில் நானும் ஒருவன். ஆகவே ஆயுதங்களை மூடி வையுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. என் குறையெல்லாம் அவற்றின் பக்கத்தில் நீங்கள் வைக்கும் விளக்கப் பலகைகளைப் பற்றியது. குழல் விட்டம், எடை, குண்டு பாயும் தொலைவு, தயாரித்த நிறுவனம், பயன்பாட்டில் இருந்த ஆண்டுகள். அதோடு பலகை முடிந்துவிடுகிறது. விற்பனைக்கு நிற்கும் டிராக்டருக்கும் ஏறக்குறைய இதைத்தான் எழுதி வைப்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். உயரம் 14 மீட்டர், எடை 12 டன்னுக்கு மேல், தலைப்பகுதியில் ஏறத்தாழ ஒரு டன் வெடிபொருள், 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பாயும். விண்வெளிப் பயணத்துக்கு முன்னோடி என்ற பெருமையையும் மறக்காமல் சேர்ப்பார்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் 1943 ஆகஸ்டில் பீனமுண்டே ஆய்வுத்தளத்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசிய பிறகு, இதன் உற்பத்தி நோர்ட்ஹவுசன் அருகே ஒரு மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் போனது. வேலை செய்தவர்கள் வதைமுகாம் கைதிகள். முதல் மாதங்களில் அவர்களுக்குத் தங்குமிடமும் அந்தச் சுரங்கம்தான். பாறை வெடிக்கும் தூசியிலேயே அடுக்குக் கட்டில்கள். வாரக்கணக்கில் பகல் வெளிச்சம் கிடையாது. மிட்டல்பாவ்-டோரா என்ற அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் ஏறத்தாழ 60,000 பேர் அனுப்பப்பட்டார்கள். சுமார் 20,000 பேர் உயிரிழந்தார்கள். லண்டனிலும் ஆன்ட்வெர்ப்பிலும் இந்த ராக்கெட் விழுந்து மாண்டவர்களின் எண்ணிக்கை இதைவிடக் குறைவு. இதை அறியாமல் ராக்கெட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர் எதைத்தான் பார்த்தார்?

நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒட்டாவாவில் உள்ள கனடியப் போர் அருங்காட்சியகம், அதே போரில் நேச நாடுகள் ஜெர்மனி மீது நடத்திய குண்டுவீச்சைப் பற்றிச் சில வாக்கியங்களில் ஒரு பலகை வைத்தது. ஆறு லட்சம் ஜெர்மானியர்கள் மாண்டார்கள், ஆயினும் போரின் இறுதிக் கட்டம் வரை ஜெர்மனியின் போர்த் தளவாட உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை என்று அது சொன்னது. முன்னாள் விமானப்படையினர் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் செனட் வரை போனது. 2007-இல் பலகை மாற்றி எழுதப்பட்டது. அவர்களின் வலியை நான் லேசாக எண்ணவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களில் பத்தாயிரம் பேர் அளவுக்குக் கனடியர்கள். இந்த எண்களையும் அந்த ஆறு லட்சத்தையும் ஒரே பலகையில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பார்வையாளர் இரண்டையும் தாங்குவார். தாங்க மாட்டார் என்று முடிவுகட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

அமெரிக்காவில் நடந்தது இதைவிட மோசம். ஹிரோஷிமா மீது குண்டு வீசிய எனோலா கே விமானத்தை வைத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் திட்டமிட்ட கண்காட்சி 1995 ஜனவரியில் கைவிடப்பட்டது. மே மாதம் இயக்குநர் பதவி விலகினார். 2003-இல் முழு விமானமும் புதிய கட்டடத்தில் வைக்கப்பட்டபோது, பலகையில் அதன் தொழில்நுட்பச் சிறப்பு இருந்தது, இறந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. வரலாற்றாசிரியர்கள் கையெழுத்திட்டுக் கேட்டும் பலிக்கவில்லை. நடுநிலை என்று இதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். எனக்கு அது வெறும் பயமாகத்தான் படுகிறது.

துணிந்தவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். டிரெஸ்டன் இராணுவ வரலாற்று அருங்காட்சியகம் 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, பழைய ஆயுதக் கிடங்கின் முகப்பைப் பிளந்து நிற்கும் கண்ணாடியும் எஃகும் சேர்ந்த ஆப்பு வடிவத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் வியந்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது மேல்தளத்தில் இருக்கும் நடைபாதைக் கற்கள். 1945-இல் குண்டுவீச்சில் சிதைந்த டிரெஸ்டனின் கற்களோடு, ஜெர்மானிய விமானங்கள் அதற்கு முன்பே தகர்த்த போலந்தின் வீலூன் நகரக் கற்களும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் கற்களும் அங்கே இருக்கின்றன. வியன்னா அருங்காட்சியகத்தில், 1914-இல் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுடப்பட்ட காரின் அருகே அவர் அணிந்திருந்த வெளிர்நீலச் சட்டையும் இருக்கிறது. அவசரத்தில் வெட்டித் திறந்த துணி, அதில் கறுத்துப்போன கறை. அந்தக் காரின் குதிரைத்திறனை அதற்குப் பிறகு யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

சுட்டவர், சுடப்பட்டவர் என்ற இரண்டு பேரோடு கணக்கு முடிவதும் இல்லை. 1915-இல் ருஃபிஜி ஆற்றுக் கழிமுகத்தில் மூழ்கடிக்கப்பட்ட கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் பத்துப் பீரங்கிகள் மீட்கப்பட்டு, கிழக்காப்பிரிக்கா முழுவதும் தரைப்போரில் பயன்பட்டன. அவற்றில் ஒன்றை மொம்பாசாவிலும் இன்னொன்றைப் பிரிட்டோரியாவிலும் காணலாம். கப்பலுக்காக வார்த்த அந்த இரும்பைக் காட்டுவழியே இழுத்தவர்கள் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள். அந்தப் போர்முனையில் இரு தரப்புக்கும் சுமை சுமந்து, பசியிலும் நோயிலும் மடிந்தவர்கள் பல்லாயிரம் பேர். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகூட இல்லை. தளபதியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

இது நான் புதிதாகக் கிளப்பும் கோரிக்கையும் அல்ல. 1917-இல் லண்டனில் தேசியப் போர் அருங்காட்சியகம் என்று தொடங்கப்பட்டு, இந்தியாவும் பிற குடியேற்ற நாடுகளும் கேட்டதால் இம்பீரியல் என்று பெயர் மாறிய அருங்காட்சியகம் 1920-இல் திறக்கப்பட்டது. போருக்கு எவ்வளவு சிறிய அளவில் உதவியவரும் தம் தியாகத்துக்கான ஒரு சான்றை அங்கே காண வேண்டும் என்பது அப்போதே சொல்லப்பட்ட நோக்கம்.

எனவே அடுத்த முறை பலகைகளை மாற்றும்போது, எடைக்கும் தொலைவுக்கும் கீழே நான்கு வரிகள் சேருங்கள். இதை யார் செய்தார்கள், யார் சுமந்தார்கள், எந்த ஊரில் யார்மீது பயன்பட்டது, அங்கே எத்தனை பேர் இறந்தார்கள். விவரம் கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்றே எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற நிதி இருக்காது. குழந்தைகள் ஏறி உட்காரும் டாங்கியிலிருந்து தொடங்கலாம். எழுத்தை அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்