26 வாரம் எங்கள் பெயரை ராத்திரிப் பட்டியலில் போடாதீர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் குடியிருந்துகொண்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலை பார்க்கும் மென்பொருள்காரர்களிடமிருந்து, ஆன்-கால் (சர்வரில் கோளாறு என்று எந்த நேரத்தில் போன் அடித்தாலும் எழுந்து பார்க்கும் முறைவேலை) பட்டியல் போடும் மேலாளர்களுக்கும் அதற்குத் தலையாட்டும் எச்ஆர் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன வாரம் வந்த மெயிலைப் படித்தோம். "குழந்தை பிறந்ததற்காக ஆன்-காலில் தனி விலக்கு கிடையாது, தேவையென்றால் உங்களுக்குள் ஸ்வாப் செய்துகொள்ளுங்கள்" என்று இரண்டே வரி. கூடவே கம்பெனி லோகோ போட்ட குட்டிச் சட்டை ஒன்று கூரியரில் வந்தது. சட்டைக்கு நன்றி. அந்த இரண்டு வரிக்குத்தான் இந்தப் பதில்.

கேட்பது ஒன்றுதான். அப்பாவுக்குக் குழந்தை பிறந்த நாளிலிருந்து 26 வாரம், அம்மாவுக்கு வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து 26 வாரம், ராத்திரி ஆன்-கால் பட்டியலில் பெயர் வேண்டாம். பகலில் எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறோம்.

ராத்திரி இரண்டே முக்காலுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. குடித்து முடிக்க அரை மணி, தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைக்க இருபது நிமிடம், நடுவில் துணி மாற்ற ஐந்து நிமிடம். அவசரப்பட்டு ஏப்பம் வருமுன் படுக்கவைத்தால் குடித்ததெல்லாம் கக்கிவிடும், திரும்ப முதலிலிருந்து. சிசேரியன் ஆனவருக்குக் குனிந்து தூளியிலிருந்து தூக்க முடியாது, அதனால் தூக்குவதும் கிடத்துவதும் அப்பாவின் பங்கு. ஒரு வழியாகத் தூளியில் போட்டு, கயிறு கிறீச்சிடாமல் ஆட்டி, கையை மெல்ல எடுக்கும் நேரத்தில் போன் அலறும். அலர்ட் ஆப் சைலன்ட் மோடை மீறித்தான் அடிக்கும். அப்படி அமைத்து வைக்கச் சொன்னதே நீங்கள்தான். சத்தம் கேட்டதும் குழந்தை இரண்டு கையையும் விரித்துத் துள்ளும். முதல் சில மாதம் எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். அப்புறம் அழுகை.

ஐந்து நிமிடத்துக்குள் 'அக்னாலெட்ஜ்', அதாவது பார்த்துவிட்டேன் என்று, தட்டியாக வேண்டும். தட்டாவிட்டால் மறுபடி அடிக்கும், பதினைந்தாவது நிமிடம் செகண்டரியை, அதாவது பட்டியலில் அடுத்த ஆளை, எழுப்பும், அதற்குப் பிறகு உங்களையே எழுப்பும். தட்டியாயிற்று. லேப்டாப்பைத் திறந்தால் கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் விபிஎன் செஷன் முடிந்திருக்கும். பாஸ்வேர்டு போட்டால் ஆறு இலக்க எண் கேட்கும். அந்த எண் முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும். ஒரு தோளில் அழுகிற குழந்தை, மிச்சமிருக்கும் ஒரு கையில் போனைப் பார்த்து லேப்டாப்பில் ஆறு இலக்கம் அடிக்க வேண்டும். நான்காவது இலக்கத்தில் எண் மாறிவிடும். மூன்று முறை தப்பினால் அக்கவுன்ட் லாக். லாக்கை எடுக்க ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பாட்டுப் போடுவார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் 'ரிசால்வ்ட்' என்று இருக்கும். தானாகவே சரியாகிவிட்டது.

எங்கள் கோபமெல்லாம் இந்தக் கடைசி வரியில்தான். நிஜமாகவே சர்வர் விழுந்து வாடிக்கையாளரின் பணம் மாட்டிக்கொண்டால் எந்த அப்பனும் எழுந்து பார்ப்பான். ராத்திரி இரண்டரைக்குத் தரவை நகலெடுக்கும் பேக்கப் ஜாப் ஓடுகிறது. ஓடினால் சர்வரின் சிபியு வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டத்தான் செய்யும். ஒரு நிமிடம் தாண்டினாலே அலர்ட் என்று யாரோ எப்போதோ எழுதி வைத்தது அப்படியே கிடக்கிறது. பேக்கப் முடிந்ததும் அதுவே அடங்கிவிடும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. பத்து நிமிடம் தொடர்ந்து தாண்டினால் மட்டும் அடி என்று விதியில் ஒரு வரி மாற்றலாம். பேக்கப் நேரத்துக்கு மட்டும் அந்த அலர்ட்டை மூடி வைக்கலாம். அதைவிட நல்லது, சிபியுவை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் அனுப்பும் ரிக்வெஸ்ட் நூற்றுக்கு எத்தனை தோற்கிறது என்பதை வைத்து எழுப்புவது. டிஸ்க் 85 சதவீதம் நிரம்பிவிட்டது என்று எழுப்புகிறீர்கள். நிரம்பும் வேகத்தைக் கணக்குப் போட்டால் இன்னும் மூன்று நாள் தாங்கும் என்று தெரியும். அது காலை ஒன்பது மணிக்கு வந்து பார்க்கும் வேலை. இணையதளத்தின் பாதுகாப்புச் சர்டிஃபிகேட் காலாவதி ஆகும் தேதி அதை வாங்கிய அன்றே தெரியும். அதற்கும் ராத்திரியில்தான் மணி அடிக்க வேண்டுமா? ராத்திரிப் பட்டியலிலிருந்து எங்களை எடுங்கள், இந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பகலில் உட்கார்ந்து நாங்களே சரிசெய்து தருகிறோம். அதனால் மற்றவர்களும் தூங்குவார்கள்.

"ஒருவரை எடுத்தால் மற்றவர்களுக்குச் சுமை" என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஆறு பேர் டீம், வாரத்துக்கு ஒருவர். 26 வாரத்தில் தலைக்கு 4.3 வாரம் வரும். ஒருவரை எடுத்தால் ஐந்து பேருக்குத் தலைக்கு 5.2. கூடுவது ஆறு மாதத்துக்கு ஆறு நாள். எட்டுப் பேர் டீம் என்றால் மூன்று நாள் சொச்சம். இந்த ஆறு நாளுக்காகவா அந்த இரண்டு வரி? ஆன்-கால் அலவன்ஸ் போனால் போகட்டும், அதைக் கேட்கவில்லை. அப்ரைசலில் 'ஆன்-கால் பங்களிப்பு குறைவு' என்று குறிக்காமல் இருந்தால் போதும்.

ஸ்வாப் என்பது கடன். மூன்றாவது வாரத்தில் ஒருவரிடம் ராத்திரியை மாற்றிக்கொண்டால் பத்தாவது வாரத்தில் திருப்பித் தர வேண்டும். பத்தாவது வாரம் ஊசி வாரம். 6, 10, 14-ஆம் வாரம் என்று பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும்) ஊசி மூன்று தவணை; எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள். அன்று ராத்திரி உடம்பு சுடும், ஊசி போட்ட தொடையில் கை பட்டாலே வீறிடும், விடியும்வரை மடியில் வைத்திருக்க வேண்டியதுதான். மென்பொருளின் புது வெர்ஷனை நீங்கள் ஏற்றும் ரிலீஸும் புதன் ராத்திரிதான். இந்தத் தேதிகள் குழந்தை பிறந்த அன்றே தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ரிலீஸ் காலண்டர் போடத் தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்துப் பட்டியல் போடுவது பெரிய காரியமா?

இன்னொன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ, பையன் ஓசூரில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆன்-கால் வாரத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் லேப்டாப் முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும். ஆக அந்த வாரம் குழந்தை முகம் வீடியோ காலில் மட்டும். (கிருஷ்ணகிரி ஊர்க்காரர்களுக்கு ரயிலே கிடையாது. அதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை.)

'நம் கம்பெனி ஒரு குடும்பம்' என்று ஒவ்வொரு டவுன் ஹாலிலும் சொல்கிறீர்கள். ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு ஓசூரிலிருந்து வரும் அம்மா, நெஞ்சு கட்டிக்கொண்டு பால் எடுக்க இடம் தேடினால் சிக் ரூம் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், செக்யூரிட்டி சாப்பிடப் போயிருப்பார். இது எந்தக் குடும்பத்து வழக்கம் என்று தெரியவில்லை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி அம்மாவின் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் வந்தது. காப்பகம் திறந்து ரிப்பனும் வெட்டினீர்கள். ஆனால் கம்பெனி கேபில் குழந்தையை ஏற்றக் கூடாது என்கிறது உங்கள் டிரான்ஸ்போர்ட் பாலிசி. மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிக் குழந்தை எப்படி வரும், கூரியரிலா? அப்பாக்கள் கதை இன்னும் சுருக்கம். மத்திய அரசு ஊழியருக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, நீங்கள் மனது வைத்துக் கொடுப்பதுதான்.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம், மன்னிக்கவும். காப்பகத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறோம். இப்போதைக்கு ராத்திரிப் பட்டியல் மட்டும்.

ராத்திரி நான்கு முறை எழுந்தவர் காலை எட்டு மணிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டிக்கொண்டு வருகிறார். வந்து உட்கார்ந்து, வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜ சர்வரில், அதாவது புரொடக்‌ஷனில் கட்டளை அடிக்கிறார். தூக்கம் கெட்டவர் கையில் டெலீட் கட்டளையைக் கொடுப்பதில் உங்களுக்கும் பயம் இருக்க வேண்டும்.

அடுத்த மாதப் பட்டியலை இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிவிடுவீர்கள் என்று தெரியும். குழந்தை பிறந்த தேதி எச்ஆர் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. இன்ஷூரன்ஸில் பெயர் சேர்க்கக் கொடுத்த பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. புதிதாக எந்த ஃபாரமும் வேண்டாம். அப்பாவுக்கு அந்தத் தேதியோடும், அம்மாவுக்கு வேலைக்குத் திரும்பிய தேதியோடும் 26 வாரம் கூட்டி, அதுவரை ராத்திரிக் கட்டங்களில் அவர்கள் பெயரை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பட்டியலைப் பூட்டுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இந்த மாதமும் பெயர் உள்ளவர்கள்