எழுவாயைக் காணவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், எளிமையாக எழுதுவது எப்படி என்ற கட்டுரையைப் படித்தேன். உவமையும் உருவகமும் குழம்பின் மேல் தூவும் கொத்தமல்லித் தழையாம். தூவாவிட்டாலும் பசி ஆறிவிடுமாம். அணி வேண்டாம் என்று சொல்வதற்கே கட்டுரையாளருக்கு ஓர் உருவகம் தேவைப்பட்டிருக்கிறது. தழையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி எழுதிக் காட்டும்படி அவரிடம் தாங்கள் கேட்டிருக்கலாம்.

'இதற்கெல்லாமா கடிதம்?' என்று வீட்டில் கேட்டார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவனுக்கு வேறு எதற்குக் கோபம் வரும்? அணி என்றதும் சிலருக்கு நகைக்கடைதான் நினைவுக்கு வருகிறது. படை வகுப்புக்கும் அணி என்றே பெயர். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளில் அமையும் பொருளணிகளை 35 என்று எண்ணுகிறது. அதில் முதலில் நிற்பது தன்மை அணி, அதாவது உள்ளதை உள்ளபடி சொல்வது. அலங்காரம் இல்லாமல் சொல்வதும் சொல்கிறவன் தேர்ந்துகொண்ட ஒரு வழிதான். தாங்கள் அறியாததல்ல.

கட்டுரையாளர் வேண்டாத தழைக்கு எடுத்துக்காட்டாகச் சிலப்பதிகாரத்தையே இழுத்திருக்கிறார். மதுரைக் கோட்டையின் கொடிகள், உள்ளே வராதே என்று கோவலனுக்கும் கண்ணகிக்கும் கை காட்டுகிற இடம். பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த தற்குறிப்பேற்ற அணி. நடந்தது என்னவோ காற்றில் கொடி அசைந்தது மட்டும்தான். அந்த அசைவின் மேல் தம் குறிப்பை ஏற்றியவர் இளங்கோவடிகள். அதை எடுத்துவிட்டாலும் கதை நகரும் என்கிறார் கட்டுரையாளர். நகரும், யார் இல்லை என்றது? ஊர் தெரியாமல் இரண்டு பேர் ஒரு வாசலுக்குள் நுழைவார்கள், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தற்குறிப்பேற்றத்தை இன்றைக்கு யாரும் கவிதையில் தேட வேண்டியதில்லை. தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் தினமும் கிடைக்கிறது. 'விஷவாயு தாக்கி மூவர் பலி.' கழிவுநீர்த் தொட்டிக்குள் வாயு தன்பாட்டுக்கு இருந்தது. அது யார் மீதும் பாயவில்லை. முகமூடியும் கயிறும் இல்லாமல் மூன்று பேரை உள்ளே இறக்கியவர் ஒருவர் மேலே நின்றுகொண்டிருந்தார். அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாதாளச் சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாயுவிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. இளங்கோவடிகள் கொடிக்குக் கை கொடுத்தார். தாங்கள் வாயுவுக்குக் கை கொடுத்து, இறக்கிவிட்ட கையை வெட்டிவிட்டீர்கள். வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதிவந்தால் ஓரத்தில் சிவப்பு மையில் 'எழுவாய் எங்கே?' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன்.

இந்தக் கேள்வி எனக்கு இலக்கணத்திலிருந்து வரவில்லை. 1994இல் என் தம்பி சைக்கிளில் சாலையோரமாகப் போனபோது இறந்தான். 'கட்டுப்பாட்டை இழந்த லாரி மோதி வாலிபர் பலி' என்று நான்கு வரிச் செய்தி. காரியம் முடிந்த மறுநாள், அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து வந்து அம்மா என்னிடம் நீட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. படித்தேன்.

"பலியா? பலி என்றால் சாமிக்குக் கொடுப்பதல்லவா? என் பிள்ளையை யார், எந்தச் சாமிக்குக் கொடுத்தார்கள்?"

"சும்மா, இறந்துவிட்டான் என்றுதான் அர்த்தம் அம்மா" என்றேன்.

"அப்படியானால் இறந்தான் என்றே போட்டிருக்கலாமே" என்றாள்.

உருவகத்தைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் அவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை. லாரி எதையும் இழக்கவில்லை என்பதும் வழக்கு நடந்தபோதுதான் தெரிந்தது. முதல்நாள் விடியற்காலையிலிருந்து ஒரே ஆளை ஓட்ட வைத்திருந்தார்கள். ஓட்டியவர் தூங்கியிருக்கிறார். ஓட்ட வைத்தவர் தூங்கவில்லை. தலைப்பில் இடம் போதாது என்று தாங்கள் சொல்லக்கூடும். 'பலி' இரண்டெழுத்து, 'சாவு' என்பதும் இரண்டெழுத்துதான், ஐயா. நம் முன்னோர் செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று மங்கலமாகச் சொன்னார்கள். அது இழந்தவர் மனம் நோகாமலிருக்கச் செய்த தணிப்பு. இது யார் மனம் நோகாமலிருக்க?

சொல்லத் தொடங்கிவிட்டேன், முழுவதையும் சொல்லிவிடுகிறேன். 'காதலை ஏற்க மறுத்த பெண்ணுக்குக் கத்திக்குத்து.' இந்தத் தலைப்பில் யார் என்ன செய்தார் என்று பாருங்கள். பெண் மறுத்தாள், அந்த ஒரு செயல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. குத்தியவனைக் காணோம். உள்ளே போனால் 'ஒருதலைக் காதல்' என்று அவனுக்கு ஒரு பட்டமும் காத்திருக்கிறது. ஒருதலைக் காதலுக்குத் தமிழில் கைக்கிளை என்று பெயர். தொல்காப்பியர் அதை, இருவரும் ஒத்துக் காதலிக்கும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தார். ஆனாலும் அந்தக் கைக்கிளையில்கூடக் கத்தி கிடையாது. அவன் காதலன் அல்லன், குத்தியவன்.

மழைக்காலம் வந்தால் 'கோரத் தாண்டவம்'. 2015 டிசம்பரில் சென்னையில் பெய்தது பெருமழைதான், மறுக்கவில்லை. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. 'வெள்ளம் வந்தது' என்பதும் 'நீரைத் திறந்தார்கள்' என்பதும் ஒரே செய்திதானா? நடராசர் மீது வழக்குப் போட முடியாது என்ற தைரியம் நமக்கு.

கடைசியாக என் சொந்தக் குறை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றித் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குழந்தைகள் நீந்தக் கற்றுக்கொள்ள வாசலிலேயே குளம் வெட்டித் தந்த நகராட்சியை வாயாரப் புகழ்ந்திருந்தேன். பிறகு, 'கொசுக்களுக்கும் இதே பரிவுடன் குடியிருப்பு ஒதுக்கியிருக்கிறார்கள்' என்று கடைசி வரி. இடம் கருதியோ என்னவோ, அந்த வரியை வெட்டிவிட்டு 'நகராட்சிக்குப் பாராட்டு' என்று தலைப்பிட்டு வெளியிட்டீர்கள். வஞ்சப்புகழ்ச்சியில் வஞ்சத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்பதை அன்று மாலையே கண்டேன். வார்டு கவுன்சிலரின் ஆட்கள் இருவர் ஒரு பொன்னாடையுடன் வந்து நின்றார்கள். போர்த்திக்கொண்டு படத்துக்கும் நின்றேன். வேறு என்ன செய்வது? சாக்கடை இன்றும் அப்படியே இருக்கிறது. தெருவில் என்னை ஆளுங்கட்சிக்காரன் என்கிறார்கள். அதுவும் ஒரு கொத்தமல்லித் தழையை எடுத்ததால் வந்ததுதான்.

இத்தனையையும் தாங்கள் திருத்துவீர்கள் என்று எதிர்பார்க்கும் வயது எனக்கில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஞாயிறு கட்டுரையில் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்ற அடியை 'வாரீர் என்பனபோல்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வாரல் என்றால் வராதே. கோட்டைக் கொடிகளைக் கொண்டு கோவலனை மதுரைக்குள் வரவேற்றுவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இந்த முறை என் கடைசி வரியை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.